நூல்வழி வளரும் நேயம்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வேறுபட்ட மக்களிடையே இலக்கியம் அமைதியை வளர்க்குமாற்றைக் குறித்துச் சில கூறுமாறு நம் சங்கத்தார் எம்மைப் பணித்தனர். பொதுவகையிற் புகழ்ந்துரைப்பதை விடுத்து, தமிழுலகில் நிகழ்ந்த ஒன்றைக் கூறி, அதனின்று நாம் கொள்ளத்தக்கதைக் காட்ட விழைகின்றோம்.

1880-ஆம் ஆண்டில், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்த உ. வே. சாமிநாதையர், அந்நகரில் முன்சீபாயிருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பயின்ற ஐயர், தாம் கற்ற புராணங்களையும் பிரபந்தங்களையும் வரிசையாகக் கூறினார். முதலியாரோ வியந்திலர். அவற்றினும் பழைய நூல்களைக் கற்றதுண்டோ என வினவி, சீவக சிந்தாமணியைக் குறித்தார். அது திருத்தக்கதேவர் என்னும் சைன முனிவர் இயற்றிய காப்பியம். சைவச் சூழலில் வளர்ந்த ஐயருக்கு அதன் சமயக் கருத்துக்கள் எளிதில் விளங்கவில்லை.

அவர் செய்தது யாது? பிறர் நூலென ஒதுக்கினாரல்லர். தாமே ஊகித்துப் பொருள் கூறவும் துணிந்தாரல்லர். கும்பகோணத்துச் சைனர் இல்லங்களை நாடிச் சென்று, ஐயமுற்றவற்றைக் கேட்டுத் தெளிந்தார். அவர்களும் மறையாது உரைத்தனர். 1887-இல் அந்நூல் நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேறியது. அந்நச்சினார்க்கினியரும், தாம் முதலில் எழுதிய உரையைச் சைனர் ஏற்காமையால், அவர்தம் நூல்களைப் பயின்று மீண்டும் எழுதினார் என்பது வழிவழிச் செய்தி. பின்னர் 1898-இல் மணிமேகலை வெளிவந்தபொழுது, பௌத்தக் கருத்துக்களை ஐயருக்கு விளக்கி உதவியவர் வைணவராகிய மளூர் ரங்காசாரியார். பௌத்தர் காப்பியம் ஒன்று சைவரும் வைணவரும் கூடி உழைத்தமையால் விளக்கமுற்றது!

அன்பர்களே! நூல்கள் பூசலையும் வளர்த்ததுண்டு. ஒரு சமயத்தார் மற்றொரு சமயத்தாரை இழித்துரைத்த பாடல்கள் தமிழில் உள. ஆதலின், நூல் கற்றல் மட்டும் அமைதி தாராது. ஒருவர் கொள்கையை அவர்தம் பகைவர் வாயிற் கேட்பது ஒருவகைக் கல்வி. அவர் வாயிலுக்கே சென்று கேட்பது மற்றொருவகைக் கல்வி. பின்னதே பகையை நீக்கும். பொருள் கேட்கச் சென்றவன் தாழ்ந்து அமர்தல் வேண்டும். சொல்பவனும் மனந்திறத்தல் வேண்டும். அங்கே நேயம் பிறக்கின்றது.

இதனால் நம் சமயப் பற்றுக் குன்றாதோ எனச் சிலர் அஞ்சலாம். ஐயர் இறுதிவரை சைவராகவே வாழ்ந்தார். அவர் திருநீற்றைச் சிந்தாமணி அழிக்கவில்லை.

உமறுப்புலவர் பாடிய சீறாப்புராணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நபிகள் நாயகத்தின் வரலாறு கூறவந்த அப்புலவர், அரபு நாட்டை வருணிக்குங்கால் தமிழ்நாட்டு மழையையும் ஆற்றையும் வயலையும் அங்கே அமைத்தார். நம் உழவர் ஒருவர் அதனைக் கேட்பின், தம் ஊரையே காண்பார்.

இனி, எம் குறை ஒன்றையும் ஒளியாது கூறுதல் கடன். நம் சங்கப் படிப்பகத்திற்கு நூல் வாங்கப் புகுந்த காலத்து, இளைஞர் ஒருவர் சீறாப்புராணத்தையும் வீரமாமுனிவரின் தேம்பாவணியையும் சேர்க்க வேண்டினார். "இவை நமக்கு எதற்கு?" என்று ஒருவர் மறுத்தார். இளைஞர் தலை கவிழ்ந்தார். யாமும் ஆண்டிருந்தோம். தமிழ் கற்பிக்கும் தொழில் பூண்டும் வாய் திறந்திலோம். அம்மௌனம் இன்றளவும் எம்மை உறுத்துகின்றது.

ஆதலின், அவையோர்க்கு எம் விண்ணப்பம் இது: அவ்விரு நூல்களும் நம் படிப்பகத்திற்கு வருதல் வேண்டும். வந்தபின் பேழையில் வைத்துப் பூட்டுதல் போதாது. ஆண்டில் ஒரு நாளேனும், அந்நூல்களுக்குரிய சமயத்தாருள் கற்றார் ஒருவரை அழைத்து, முன்வரிசையில் இருத்தி, நம் பிள்ளைகள் அவரிடம் பொருள் கேட்கச் செய்வோமாக. ஐயர் சைனர் இல்லம் தேடிச் சென்றார். நாம் அழைக்கவேனும் செய்யலாகாதா?

அவ்விரண்டின் விலையையும் யாமே தருகின்றோம். அன்றைய மௌனத்திற்கு யாம் இறுக்கும் தண்டம் அதுவாகுக.