சில்லறையில் வரும் பிழைக் காசு



சாமான் கடையில் மீதிக் காசு வாங்கும்போது எண்ணிப் பார்க்கிறோம், திருப்பிப் பார்ப்பதில்லை. நாணயச்சாலையிலேயே பிழையாக அச்சான காசு ஒன்று எப்போதாவது அதில் கலந்து வரும். நாணயம் சேகரிப்போர் அதற்கு முகவிலையைவிடக் கூடுதலாகக் கொடுப்பார்கள். அதை அடையாளம் காண்பது எப்படி?

பூரிக்கு இட்ட மாவில் குவளை வாயை அழுத்தி வட்டம் வெட்டுகிறோம் அல்லவா? நாணயச்சாலையிலும் உலோகத் தகட்டிலிருந்து அப்படித்தான் வில்லைகள் வெட்டப்படுகின்றன. பிறகு வில்லையை ஒரு வளையத்துக்குள் இருத்தி, இரண்டு அச்சுகளுக்கு இடையே அழுத்திப் பதிக்கிறார்கள். முன்பு வெட்டிய ஓட்டையின் ஓரத்திலேயே மறுபடி வெட்டு விழுந்தால், பிறைபோல் கடிபட்ட காசு வரும். வில்லை நகர்ந்துவிட்டால் படம் ஓரத்துக்கு ஒதுங்கி, மற்றொரு புறம் வெறுமையாக இருக்கும். அதில் ஆண்டும் தெரிந்தால் மதிப்பு கூடும்.

கடிபட்ட காசை யாரும் அரத்தால் தேய்த்தும் உண்டாக்கலாமே என்பீர்கள். உண்மைதான். ஆனால் நாணயச்சாலைப் பிழையில், கடிபட்ட இடத்துக்கு நேர் எதிரே உள்ள விளிம்பு பெரும்பாலும் மங்கியிருக்கும். அரம் அதைச் செய்யாது.

1989-இல் வெளிவந்த செம்பருத்திப் பூக் காசு ஒன்றை எடுங்கள். பூவை நேராக வைத்து, புத்தகத் தாளைப் போலப் பக்கவாட்டில் புரட்டுங்கள். மறுபக்கப் படமும் நேராக நிற்க வேண்டும். தலைகீழாக நின்றால் அச்சு சுழன்றிருக்கிறது. சற்றே சாய்ந்திருந்தால் அதற்குப் பெரிய விலை கிடையாது.

பிள்ளைகள் சுத்தியலால் தட்டிய காசு, லாரிச் சக்கரத்தில் நசுங்கிய காசு, தேய்ந்த காசு எதுவும் பிழைக் காசு ஆகாது. 1989-இல் வந்த 1 வெள்ளிக் காசில் கோணல் கண்டால் இன்னும் கவனம் தேவை. அதில் கள்ளக் காசு மலிந்ததால்தான் 2005 டிசம்பர் 7 முதல் அது செல்லாமல் போனது.

நம் வீட்டுப் பெண்கள் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் காசையும் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கிவிடுவார்கள். பளபளப்பு வரும், விலை போய்விடும்! அழுக்கோடே இருக்கட்டும். விளிம்பைப் பிடித்தெடுத்து, தாளில் மடித்து, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். லயத்து வாசலில் வந்து கேட்பவர் சொல்லும் முதல் விலைக்குக் கொடுத்துவிடாமல், பட்டணத்து நாணயக் கடைகள் இரண்டிலாவது காட்டிக் கேளுங்கள்.