பனி உருகும் மூணு வாரம்

இன்னைக்கு ஒரு சின்ன ஓடையைப் பத்திப் பேசலாம். பேரு கெண்டஸ்கீக். அமெரிக்காவோட வடகிழக்கு மூலையில, மெயின் மாநிலத்துல ஓடுது. கோடையில போய்ப் பார்த்தா இதுக்கா இவ்வளவு பில்டப்புன்னு தோணும். பாறை பாறையா, கணுக்கால் தண்ணியா கிடக்கும். ஆனா ஏப்ரல்ல பனி உருகும்போது அதே ஓடை வேற ஆளு.

1967ல இருந்து அங்கே ஒரு கனூ ரேஸ் நடக்குது. கெண்டஸ்கீக் கிராமத்துல ஆரம்பிச்சு பேங்கர் நகரம் வரைக்கும் 16.5 மைல், நம்ம கணக்குல சுமார் 26.5 கிலோமீட்டர். முதல் பாதிக்கு மேல அமைதியான தண்ணி. கடைசியிலதான் வெள்ளை நுரை. சிக்ஸ் மைல் ஃபால்ஸ்ங்கிற இடத்துல கரை முழுக்கக் கூட்டம் நிற்கும், யார் கவிழுறாங்கன்னு பார்க்க. அவங்களுக்கு 'ரிவர் வல்ச்சர்ஸ்'னே பேரு. பிணந்தின்னிக் கழுகுகள்! பாசக்கார ஊர்.

நான் அந்தப் பக்கம் வேலையில இருந்தப்போ ரெண்டு வசந்தத்துல இந்த மாதிரி ஓடைகள்ல துடுப்புப் போட்டிருக்கேன். கயாக் மாதிரி மேல மூடி கிடையாது, திறந்த படகு. ஒவ்வொரு அலையும் கொஞ்சம் உள்ளே வரும். நிரம்பிட்டா சில நூறு கிலோ தண்ணியைச் சுமந்துக்கிட்டு ஓடுற படகு அது, திருப்பவே முடியாது. அதனாலதான் முன்னாலயும் பின்னாலயும் காத்துப் பைகளைக் கட்டி வைப்பாங்க. பை இருக்கிற இடத்துல தண்ணி நுழையாது இல்லையா?

இன்னொண்ணு, இது உடம்புக்கு ஒப்பாத விஷயம். படகு பக்கவாட்டுல பாறையில மோதப் போகுதுன்னா பயத்துல நாம எதிர்ப்பக்கம் சாய்வோம். அப்படிச் சாய்ஞ்சா மேலிருந்து வர்ற தண்ணி நேரா உள்ளே புகுந்து, படகைப் பாறையோட அழுத்திடும். பாறையைக் கட்டிப் பிடிக்கிற மாதிரி அது பக்கமாத்தான் சாயணும்.

ஆனா உண்மையான எமன் பாறை இல்ல, குளிர். அப்பதான் உருகின தண்ணி. விழுந்ததும் மூச்சு தானா இழுக்கும், அடங்க ஒரு நிமிஷம். கை கால் நம்ம பேச்சைக் கேட்கிறது அதுக்கப்புறம் சுமார் பத்து நிமிஷம்தான். நீச்சல் தெரியும்னு சொல்றது அங்கே செல்லாது. லைஃப் ஜாக்கெட்டும், தண்ணி புகாத டிரை சூட்டும்தான் பேசும்.

அடுத்தது மரம். சின்ன ஓடைங்கிறதால ஒரே மரம் விழுந்தாலும் கரைக்குக் கரை அடைச்சிடும். தண்ணி கிளைக்கு நடுவுல போயிடும், மனுஷன் மாட்டிக்குவான், டீ வடிகட்டியில தூள் மாட்டுற மாதிரி. என்கூடப் பின்னால உட்கார்ந்து துடுப்புப் போட்டவர் அறுபதைத் தாண்டினவர். வளைவுக்கு அந்தப்பக்கம் தெரியலைன்னா கரை ஒதுங்கி நடந்து போய்ப் பார்ப்பார். ஒரு தடவை அப்படிப் போனப்போ முறிஞ்ச மரம் ஒண்ணு ஓடைக்குக் குறுக்கே, தண்ணி மட்டத்துலயே கிடந்துச்சு. ஒண்ணும் பேசல. படகைத் தலைக்கு மேல தூக்கிட்டார். பின்னாலயே நானும்.

மே மாசம் மரம் துளிர்த்ததும் அதுங்க தண்ணியை உறிஞ்ச ஆரம்பிச்சிடும், ஓடை இறங்கிடும். அப்போ போனா பாறை மேல சிவப்பும் பச்சையுமா கோடுகள் தெரியும். எல்லாம் கனூக்கள் உரசிட்டுப் போன கலர்.