பயத்தைப் பங்கு போடுவோம்

(நாகலாபுரத்தில் நடந்த இளைஞர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "நீங்க பயப்படாம எப்படிண்ணே போராடுறீங்க?" பதில் சொல்வதற்குள் மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்தத் தம்பிக்கான பதிலை இப்போது எல்லோருக்குமாகச் சொல்கிறேன். நான் பயப்படுகிறவன்தான். இன்றைக்கும் போலீஸ் ஜீப் எங்கள் தெருவுக்குள் திரும்பினால் வயிறு கலங்கும்.

1995 ஆகஸ்ட் 31. இங்கிருந்து தெற்கே, ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கொடியங்குளத்துக்குள் சுமார் 600 போலீஸ்காரர்கள் புகுந்தார்கள். எனக்கு அப்போது பதினாறு வயது. செய்தி வந்த ராத்திரி எங்கள் தெரு ஆண்கள் யாரும் வீட்டில் படுக்கவில்லை. சீமைக்கருவேலங்காட்டுக்குள் போய்விட்டார்கள். என் அம்மா என்னுடைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைப் பாலித்தீன் பையில் சுற்றி, கம்பு கொட்டி வைத்திருந்த குலுக்கைக்குள் புதைத்து வைத்தார். எங்கள் வீட்டில் நகை கிடையாது. அந்தக் காகிதம்தான் சொத்து.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கொடியங்குளத்தில் என்ன நடந்தது என்று அவருக்குச் சரியாகப் புரிந்திருந்தது. அங்கே உடைக்கப்பட்டவை எவை? டிவி, ஃபேன், தையல் மிஷின், சைக்கிள், விவசாயக் கருவிகள். எரிக்கப்பட்டவை? படித்த பிள்ளைகளின் சான்றிதழ்கள், வெளிநாடு போக வைத்திருந்த பாஸ்போர்ட்டுகள். குடிக்கிற கிணற்றையும் விட்டுவைக்கவில்லை. நிலம் வாங்கி, வெளிநாட்டுக்குப் போய்ச் சம்பாதித்து, தலை நிமிர்ந்த ஊர் அது. தலை நிமிர்ந்தால் என்ன ஆகும் என்று சுற்றியிருக்கிற எல்லா ஊருக்கும் காட்டுவதற்காக நடந்தது அந்தத் தாக்குதல். ஒரு ஊரை அடித்தால் நூறு ஊர் பயப்படும் என்பது கணக்கு.

அந்தக் கணக்கு பலித்ததா? அடுத்த வருடமே, 1996 தேர்தலில், ஓட்டப்பிடாரம் தொகுதி மக்கள் மருத்துவர் கிருஷ்ணசாமியைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். அவருடைய இன்றைய அரசியலில் நமக்கு உடன்பாடு உண்டா இல்லையா என்பது வேறு பேச்சு. அன்றைக்கு ஓட்டுப் போட்ட கைகள் நடுங்கிக்கொண்டேதான் போட்டிருக்கும். ஆனாலும் போட்டன.

ஆகவே தம்பி, பயம் போன பிறகு போராடலாம் என்று காத்திருக்காதீர்கள். அது போகாது. பயத்தை ஒருத்தர் தலையில் மொத்தமாக ஏற்றுகிறோமா, எல்லோருமாகப் பங்கு போட்டுக்கொள்கிறோமா என்பதுதான் கேள்வி. இதை நான் தோற்றுத்தான் கற்றுக்கொண்டேன்.

2002. எங்கள் ஊர் டீக்கடையில் நமக்குத் தனி டம்ளர். குடித்துவிட்டு நாமே கழுவி வைக்க வேண்டும். நான் அப்போது வாலிபன், கோபக்காரன். யாரிடமும் கலந்து பேசாமல் மனு எழுதினேன், ஒரே கையெழுத்து, என்னுடையது. பெருமையாக இருந்தது. மறுநாள் என் அம்மாவை மிளகாய்ப் பழம் பறிக்க யாரும் கூப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் கூப்பிடவில்லை. ஒரு வாரம் கழித்து அம்மா கேட்டார்: "ஏய்யா, நீ மனுக் குடுத்துட்ட. நான் இனி எந்தக் காட்டுக்கு வேலைக்குப் போவேன்?" மூன்றே மாதத்தில் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அந்த டம்ளர் இன்னும் பல வருடம் அங்கேயே இருந்தது.

2017இல் மறுபடியும் தொடங்கினோம். இந்த முறை தொடங்கியது நானில்லை, எங்கள் தெருப் பெண்கள். மனு எழுதுவதற்கு முன்பே இரண்டு மாதம் பேசினார்கள். வேலைக்குக் கூப்பிடாமல் விட்டால் எத்தனை நாள் தாங்கும் என்று வீடு வீடாக அரிசி பருப்பைக் கணக்குப் பார்த்தார்கள். வாரம் இருபது ரூபாய் போட்டுச் சேர்த்தார்கள். வேறு ஊரில் கரி மூட்டத்துக்கு விறகு வெட்டுகிற வேலையைச் சொல்லி வைத்தார்கள். கடைசியில் கையெழுத்து. முதல் கையெழுத்து யார் போடுவது? எல்லோரும் தயங்கினார்கள். என் மதினிதான் சொன்னார்: "வட்டமாப் போடுவோம். வட்டத்துல மொத ஆளு யாருன்னு எவனுக்குத் தெரியும்?"

நாற்பத்தோரு கையெழுத்து, வட்டமாக. வேலைக்குக் கூப்பிடாமல் விட்டார்கள்தான். ஒன்பது நாள் தாங்கினோம். பருத்தி வெடித்துக் கிடந்தது, எடுக்க ஆள் வேண்டுமே! பத்தாம் நாள் கூப்பிட்டார்கள். அதிகாரிகள் வந்தார்கள், தனி டம்ளர் போனது. கடைக்காரர் எல்லோருக்கும் பேப்பர் கப் கொடுக்க ஆரம்பித்தார். நாம் குடித்த கண்ணாடி டம்ளரை அவர்கள் தொடக்கூடாது என்பதற்காக அப்படி ஒரு வழி. முழு வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் யாரும் மனுவைத் திரும்ப வாங்கவில்லை.

தயாரிப்பு, பின்வாங்கல் என்றெல்லாம் பேசினால் சில தம்பிகளுக்குக் கோழைத்தனமாகத் தெரியும். அவர்களுக்கு மகத் போராட்டத்தை நினைவுபடுத்துகிறேன். 1927 மார்ச் 20, அண்ணல் அம்பேத்கர் மக்களோடு போய் சவதார் குளத்தில் தண்ணீர் குடித்தார். அதன் பிறகு நம் மக்கள் தாக்கப்பட்டார்கள். திருப்பி அடிக்க ஆட்கள் தயாராக இருந்தும் அவர் தடுத்தார். அந்த டிசம்பரில் ஆயிரக்கணக்கானோர் மறுபடி திரண்டபோது, குளத்துக்குப் போக நீதிமன்றத் தடை இருந்தது. டிசம்பர் 25 அன்று மனுஸ்மிருதியை எரித்தார். குளத்துக்குப் போவதை மட்டும் நிறுத்தி வைத்து, வழக்கை நடத்தினார். 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் தீர்ப்பு நம் பக்கம் வந்தது. பத்து வருடம்! அவரைக் கோழை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

நம் பக்கத்திலேயே 1999 ஜூலை 23 இருக்கிறது. மாஞ்சோலைத் தொழிலாளர்களின் கூலிக்காகவும், சிறையில் இருந்தவர்களின் விடுதலைக்காகவும் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்துத் தாமிரபரணிக்குள் விரட்டியது. 17 பேர் செத்தார்கள், கைக்குழந்தை உட்பட. குற்றம் முழுக்க அரசுடையது. ஊர்வலம் போனவர்கள் மேல் ஒரு துளியும் இல்லை. ஆனால் அடுத்த ஊர்வலத்தை நடத்துகிறவர்கள் அதை மறக்கக் கூடாது. வெளியேறும் வழி எது, குழந்தையோடு வருகிற தாய்மார்கள் எங்கே நிற்பது, வக்கீல் நம்பர் எத்தனை பேர் கையில் இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் கொடி பிடிக்க வேண்டும்.

சட்டத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு என்ன சொல்கிறது? நீங்கள் வாயால் சொன்ன புகாரை அதிகாரி எழுதி, உங்களுக்கு வாசித்துக் காட்டி, பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். நகல் தர வேண்டும். வேண்டுமென்றே தவறினால் அந்த அதிகாரி மேலேயே வழக்கு. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, வேலை தராமல் ஒதுக்கி வைப்பதும், ஒதுக்கி வைப்போம் என்று மிரட்டுவதும் இந்தச் சட்டப்படி குற்றம். 2002இல் என் அம்மாவுக்கு இல்லாத பாதுகாப்பு இது. தெரிந்துகொள்ளாவிட்டால் இருந்தும் இல்லாததுதான்.

இன்னொன்று. கோரிக்கை என்னவென்று எதிரிக்கும் புரிகிற மாதிரி இருக்க வேண்டும். 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் நம் மாவட்டத்து இளைஞர் ஒருவரைச் சாதி வெட்டிச் சாய்த்தது. மகனைப் பறிகொடுத்த குடும்பம், கொலையாளியின் பெற்றோரான காவல் உதவி ஆய்வாளர்களைக் கைது செய்யாமல் உடலை வாங்க மாட்டோம் என்று நின்றது. தகப்பன் கைதான பிறகே, ஐந்தாம் நாள், உடலை வாங்கியது. அந்தத் தாய்க்குப் பயம் இருந்திருக்காதா? சொந்தக்காரர்களும் ஊரும் சுற்றி உட்கார்ந்திருந்ததால் அந்தப் பயம் அவரை உடைக்கவில்லை.

வீரமாக ரீல்ஸ் போடுவது சுலபம், தம்பிகளே. அதில் உங்கள் ஒருத்தர் முகம்தான் இருக்கும், வழக்கும் அந்த முகத்தின் மேல்தான் வரும். வீடியோ எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அசலை அழிக்காமல் இரண்டு மூன்று பேரிடம் பத்திரப்படுத்துங்கள். வக்கீலிடம் கேட்டுவிட்டு வெளியிடுங்கள்.

நாம் கரிசல்காட்டுப் பிள்ளைகள். மழை விழுந்த பிறகு இந்த மண்ணில் கால் வைக்க முடியாது, அப்பிக்கொள்ளும். அதனால்தான் நம் ஆட்கள் வானத்தைப் பார்த்துவிட்டு, மழைக்கு முன்னாலேயே புழுதியில் விதைக்கிறார்கள். மழை வருமா வராதா என்ற பயம் எல்லா வருடமும் இருக்கிறது. அதற்காக யாரும் விதைக்காமல் இருந்ததில்லை.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தெருவில் ஒரு வட்டம் போட்டால் எத்தனை பேர் கையெழுத்துப் போடுவார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பத்துப் பேர் என்றால், பதினோராவது ஆளின் வீட்டுக்குப் போய் உட்காருங்கள்.