பெயர் முதலில், படம் பிறகு

திண்டுக்கல் மாவட்டத்து அகரத்தை அடுத்த தாடிக்கொம்பில், சௌந்தரராஜப் பெருமாள் கோயில் மண்டபத் தூண்களில் நிற்கும் ரதி, மன்மதன், உலகளந்த பெருமாள் முதலிய பெருஞ்சிற்பங்களை ஆவணமாகப் படமெடுக்கப் புகும் ஒரு குழு, ஒரு தூணுக்கே முன்புறம், பக்கவாட்டு, முகம், ஆயுதம், பீடம் என்று பத்துப் படங்களுக்குக் குறையாமல் எடுக்க வேண்டியிருப்பதால், பொழுது சாய்வதற்குள் நூற்றுக்கணக்கான கோப்புகளைச் சேர்த்துவிடும். அவை ஒவ்வொன்றுக்கும் கேமரா தானே ஒரு பெயரை இட்டிருக்கும். ஜப்பானில் 1998-இல் வகுக்கப்பட்ட கேமராக் கோப்பு விதியின்படி அப்பெயர் நான்கு எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்டது. எண் 9999-ஐத் தொட்டதும் மறுபடி 0001-இலிருந்து தொடங்குமாதலால், வெவ்வேறு நாளில் வெவ்வேறு ஊரில் எடுத்த இரு படங்கள் ஒரே பெயருடன் வந்து நிற்பது வியப்பன்று.

இதற்கு மாற்றாகப் பட மென்பொருள்கள் தருவது பெயர் வார்ப்பு, அதாவது மாறாத பகுதியை முன்கூட்டியே எழுதிவைத்து, மாறும் எண்ணை மட்டும் மென்பொருளே கூட்டிக்கொள்ளும்படி விடும் ஏற்பாடு. 1996 முதல் இலவசமாகக் கிடைத்துவரும் இர்பான்வியூ என்னும் மென்பொருளில் பெயருக்குப் பின் நான்கு ஹேஷ் குறிகளை இட்டால், நூற்றுக்கணக்கான படங்களுக்கு ஒரே கட்டளையில் 0001, 0002 என்று நான்கு இலக்க வரிசை எண் விழுந்துவிடும். கேமராவைக் கணினியோடு கம்பியால் இணைத்துக்கொண்டால், லைட்ரூம் போன்ற மென்பொருள்கள் படம் வந்து இறங்கும்போதே பெயரிட்டுச் சேமித்துவிடும். முன்னால் பூச்சியங்கள் இருப்பது அழகுக்காக அன்று. அவை இல்லையெனில் எழுத்து வரிசையில் அடுக்கும் மென்பொருள்கள் 1-ஐ அடுத்து 10-ஐ வைத்து, 2-ஐப் பின்னுக்குத் தள்ளிவிடும்.

வார்ப்பில் எதை எழுதுவது என்பதே கருத்து வேறுபாட்டுக்கு இடமான கேள்வி. கோப்பின் பெயரிலேயே ‘ரதி’ என்று எழுதிவிட்டால் தேட எளிது என்று பலரும் கருதுகின்றனர். ஆயினும் அது தவறான வழி. சிற்பம் இன்னாருடையது என்பது ஆய்வாளரின் துணிபு, நாளை வேறொருவர் அதை மறுக்கக்கூடும். மண்டபத்தின் ஏழாவது தூண் என்பதோ தரைப்படத்தில் எண்ணிட்டுவிட்ட பின் மாறுவதில்லை. ஆகவே ஊர்க் குறி, மண்டப எண், தூண் எண், படத்தின் வரிசை எண் ஆகியவற்றை அடிக்கோட்டால் இணைத்துப் பெயராக வைத்து, ரதியா மற்றொருத்தியா என்பதைத் தனி அட்டவணையில் எழுதிக்கொள்வதே முறை. ஆவணக்காப்பகங்களும் இவ்வழியையே பின்பற்றுகின்றன. பிரிட்டிஷ் நூலகத்தில் 2004-இல் தொடங்கிய அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தில், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழகக் கிராமப் பஞ்சாயத்துகளின் பழைய தீர்ப்புப் பத்திரங்களைப் படமெடுத்த பணி 314 என்னும் எண்ணாலேயே அறியப்படுகிறது. ஈழத்தமிழரின் நூலகம் நிறுவனம் 2005 முதல் சேர்த்துவரும் நூல்களும் இதழ்களும் எண்ணாலேயே அடையாளம் பெறுகின்றன.

மென்பொருளே எண்ணிடும் விரைவு கைகொடுப்பது போலவே காலை வாரியும் விடும் என்பதை ஓலைச்சுவடிப் பணியில் காணலாம். ஏட்டின் இரு பக்கமும் எழுத்து இருப்பதால் நூறு ஏடுகளுக்கு இருநூறு படங்கள் வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்ட இரண்டு ஏடுகளை ஒன்றென்று புரட்டிவிட்டால், அதற்குப் பிந்திய எண்கள் அனைத்தும் இடம் பிசகும், ஆனால் வரிசையில் ஓட்டை எதுவும் தெரியாது. இதைவிடக் கொடியது, நேற்றைய கோப்புறையிலேயே இன்றும் 0001-இலிருந்து தொடங்குவது. அதே பெயரில் கோப்பு உள்ளது, அதன்மேல் எழுதலாமா என்று மென்பொருள் கேட்கும்போது அவசரத்தில் ஆம் என்று தட்டுபவர் உண்டு. கேட்கவே வேண்டாம் என்று முன்பே குறியிட்டு வைத்திருப்பவரும் உண்டு. அடுத்த சுவடிக் கட்டை அவிழ்ப்பதற்கு முன், ஏடுகளின் இடப்புற ஓரத்தில் தமிழ் எண்ணால் எழுதப்பட்டுள்ள ஏட்டெண்ணையும் கணினியிலுள்ள படங்களின் தொகையையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இவ்விரு பிழைகளும் அன்றே பிடிபடும்.

பெயரைத் தமிழிலேயே வைத்தால் என்ன என்ற வினா நியாயமானது, தாடிக்கொம்பு என்னும் பெயரே அதற்கு விடையும் தருகிறது. அதிலுள்ள ‘கொ’ என்பதன் ஒகரக் குறியை, கணினி எழுத்துகளுக்கான உலகப் பொதுத் தரமாகிய ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் பதியலாம், ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, பல கணினிகளுக்கோ அவை வெவ்வேறு பெயர்கள். அதனால் தாடிக்கொம்பு என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள் அருகருகே தோன்றி, பாதிப் படங்கள் ஒன்றிலும் மீதி மற்றொன்றிலும் போய்ச் சேர்வது நடக்கக்கூடியதே. கோப்பின் பெயரை ரோமன் எழுத்திலும் எண்ணிலும் நிறுத்தி, ஊரையும் சிற்பத்தையும் தூணையும் அட்டவணையில் தமிழில் விரிவாக எழுதுவதால் தமிழுக்குக் குறைவு எதுவும் நேர்வதில்லை. தேடுபவர் படிக்கப்போவது அந்த அட்டவணையைத்தான்.