எழுந்தால் தலை சுற்றுகிறதா?

நான் டாக்டர் அல்ல. பௌதிகம் படித்து, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

ஒருநாள் விடியற்காலை, படுக்கையில் வலப்பக்கம் திரும்பினேன். அறையே சுழன்றது; குமட்டல் வேறு. பித்தம் என்று நானே தீர்மானித்து, ஒரு மாதம் சுக்குக் கஷாயம் குடித்தேன். பிறகு, நமஸ்காரம் செய்து எழுந்தபோது விழுந்தே விட்டேன். நல்லவேளை, எலும்பு முறியவில்லை.

டாக்டர் என் தலையைத் திருப்பிச் சட்டென்று படுக்க வைத்து, கண்களைக் கவனித்தார். உட்காதில் கால்சியம் கார்பனேட் துகள்கள் உண்டு. அவை நழுவி அரைவட்டக் குழாயில் விழுந்தால், தலையை அசைக்கும்போது சுற்றும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். தலையை முறையாகத் திருப்பியே அவற்றை வெளியேற்றினார். அமெரிக்க டாக்டர் ஜான் எப்லி வகுத்து, 1992-ல் வெளியிட்ட முறை இது.

படுத்தும் நின்றும் பிரஷர் பார்த்தார். எழுந்து நின்ற 3 நிமிடங்களுக்குள் மேல் அளவு 20 குறைந்தால், அதுவும் ஒரு காரணம். பிரஷர், புராஸ்டேட் மாத்திரைகளால் இப்படி நேரலாம். நாமாக நிறுத்தக் கூடாது.

பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, ஒருபக்கப் பலவீனம் சேர்ந்தால் பக்கவாதமாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரி செல்ல வேண்டும்.

இரவில் எழும்போது படுக்கை ஓரத்தில் ஒரு நிமிடம் உட்காருங்கள். என்னைப்போல் கஷாயத்தில் காலம் கடத்தாதீர்கள்.