அளந்தறியும் கடமை



பட்டம் பெறும் மாணவ மாணவியரே, உயிரியலும் மருத்துவமும் இதுவரை காணாத வேகத்தில் வளரும் காலத்தில் நீங்கள் பட்டம் பெறுகிறீர்கள். மனித மரபணுத்தொகுதியை வாசிக்கும் திட்டம் 2003இல் நிறைவுற்றது. அதில் விடுபட்டிருந்த பகுதிகளும் 2022இல் வாசிக்கப்பட்டன. மரபணுவை வேண்டிய இடத்தில் வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறைக்காக இமானுவேல் சார்பெண்டியரும் ஜெனிஃபர் டௌட்னாவும் 2020இல் நோபல் பரிசு பெற்றார்கள். மூன்றே ஆண்டுகளில் அந்த முறையில் உருவான முதல் சிகிச்சைக்கு, அரிவாள் செல் நோய்க்கும் தலசீமியாவுக்கும் தருவதற்காக, பிரிட்டன் ஒப்புதல் அளித்தது. நம் நாட்டில் 83 சமூகங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 10,000 பேரின் மரபணுத்தொகுதிகள் வாசிக்கப்பட்டு, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களின் பயன்பாட்டுக்குத் திறந்துவிடப்பட்டன. இவற்றின் பெருமையைச் சொல்லி உங்களை வாழ்த்திவிட்டு நான் அமர்ந்துவிடலாம். ஆனால் இத்தனை வளர்ந்த அறிவிடம் இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரை நெடுங்காலமாக ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. எங்கள் ஊரில் புற்றுநோய் வருவதற்கு இந்த மணல்தான் காரணமா என்பதே அந்தக் கேள்வி. அதற்கு நேர்மையான பதில் சொல்ல எவ்வளவு நுட்பமான கருவியும் தனியே போதாது. மக்களின் நம்பிக்கையைப் பெற்று, வீடு வீடாக அளந்து, பல்லாண்டுகள் பொறுமையாகக் கணக்கு வைத்தால்தான் அந்தப் பதில் கிடைக்கும். அந்த வேலையைச் செய்யும் கடமை உங்கள் தலைமுறைக்கு உண்டு என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

மணவாளக்குறிச்சிக் கரையின் கருமணலில் மோனசைட் இருப்பதை ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1909இல் கண்டறிந்தார். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. தோரியமும் அது சிதைந்து உருவாகும் தனிமங்களும் காமா கதிர்களை வெளியிடுகின்றன. அந்தக் கதிர் உயிரணுவுக்குள் புகும்போது டி.என்.ஏ. இழை அறுந்துபோகக்கூடும். பெரும்பாலான முறிவுகளை உயிரணு தானே சரிசெய்துகொள்கிறது. சில வேளைகளில் அந்தச் சீரமைப்பு பிழையாக முடியும். அப்படிச் சேரும் பிழைகளில் சில, ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய்க்கு வழிவகுக்கலாம். ஆகவே கடற்கரை மக்களின் அச்சத்துக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று யாரும் தள்ளிவிட முடியாது. அதே நேரத்தில், தீங்கு நேரக்கூடும் என்பது தீங்கு நேர்ந்துவிட்டது என்பதற்குச் சான்றாகிவிடாது. எவ்வளவு கதிர், எத்தனை ஆண்டுகள், யார் உடலில், என்ன விளைவு என்பவற்றை அளந்தால்தான் முடிவுக்கு வர முடியும்.

அப்படி அளக்கும் வேலை நமக்கு அருகிலேயே நடந்திருக்கிறது. ஒருகாலத்தில் நம்மோடு ஒரே திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த கொல்லம் கடற்கரையிலும் இதே வகை மணல் கிடக்கிறது. டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் 1976இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அந்தக் கரையில் 12,918 பேரைப் பரிசோதித்ததில் 12 பேருக்கு டவுன் நோய்க்குறி இருந்தது என்றும், ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட ஊர்களில் ஒருவருக்குக்கூட இல்லை என்றும் அது கூறியது. ஆனால் டவுன் நோய்க்குறி தாயின் வயதோடு தொடர்புடையது. எந்த ஊரிலும் ஓரளவு எதிர்பார்க்க வேண்டியது. ஒப்பீட்டு ஊர்களில் ஒருவர்கூட இல்லாததே அல்லவா வியப்பு என்று மற்ற அறிஞர்கள் கேட்டார்கள். அந்த விவாதத்தைப் பேச்சால் தீர்த்துவைக்க முடியவில்லை. 1995 தொடங்கி 2011 வரை அந்தப் பகுதியில் பிறந்த 1,40,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஆய்வகத்தினர் பரிசோதித்தார்கள். பிறவிக் குறைபாடுகளுக்கும் இயற்கைக் கதிர்வீச்சின் அளவுக்கும் அவர்கள் தொடர்பு எதையும் காணவில்லை. புற்றுநோயைப் பொறுத்தவரை, அதே கரையிலுள்ள கருநாகப்பள்ளியில் வீடு வீடாகச் சென்று கதிர்வீச்சை அளந்து, 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அங்கே சில இடங்களில் வெளிப்புறக் கதிர்வீச்சு ஆண்டுக்கு 70 மில்லிகிரே வரை உண்டு. 2009இல் வெளியான முடிவு, இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் மிகுந்ததாகத் தெரியவில்லை என்றது. அதே மக்களிடம் பீடிப் பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் இடையே வலுவான தொடர்பு வெளிப்பட்டது.

இதில் மரபணு அறிவியலின் பங்கு என்ன? அந்தக் கரையிலும் அருகில் கதிர்வீச்சு குறைந்த தீவுகளிலும் சேர்த்து 248 குடும்பங்களைச் சேர்ந்த 988 பேரின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2002இல் வெளிவந்தது. கதிர் மிகுந்த பகுதியில் தாயிடமிருந்து பிள்ளைக்குச் செல்லும்போது புதிய மாற்றங்கள் கூடுதலாகத் தோன்றின என்றது அது. இங்கே கவனம் வேண்டும். டி.என்.ஏ.வில் நேரும் மாற்றம் வேறு, நோய் வேறு. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் பெற்றோரிடம் இல்லாத சில பத்து புதிய மாற்றங்களோடுதான் பிறக்கிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை எந்தத் தீங்கும் செய்வதில்லை. இன்று தாய், தந்தை, பிள்ளை மூவரின் முழு மரபணுத்தொகுதியையும் வாசித்துப் புதிய மாற்றங்களை ஒவ்வொன்றாக எண்ணிவிட முடிகிறது. செர்னோபில் விபத்தில் கதிர்வீச்சுக்கு ஆளான பெற்றோருக்குப் பின்னாளில் பிறந்த 130 பேரை இந்த முறையில் ஆராய்ந்தபோது, வழக்கத்தைவிடக் கூடுதலான மாற்றங்கள் இல்லை என்று 2021இல் தெரியவந்தது. ஒரு கருவி கூடுதல் என்கிறது, வேறோர் இடத்தில் வேறொரு கருவி இல்லை என்கிறது. இரண்டையும் மதித்து, ஒவ்வொன்றும் எதை அளந்தது, எதை அளக்கவில்லை என்று பிரித்துப் பார்க்கும் பயிற்சியைத்தான் உங்கள் படிப்பு உங்களுக்குத் தந்திருக்கிறது.

கேரளத்தில்தான் பதில் கிடைத்துவிட்டதே, நாம் மறுபடியும் ஏன் தொடங்க வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். அந்த ஆய்வுகளை நான் மதிக்கிறேன். அவை தரும் ஆறுதல் உண்மையானது. ஆனால் அது கருநாகப்பள்ளி மக்களை அளந்து பெற்ற ஆறுதல். நம் கரையில் மிடாலத்திலும் குறும்பனையிலும் கடியபட்டணத்திலும் வாழ்வோரின் வீடுகள், தொழில், உணவு, பழக்கங்கள் வேறு. அதற்கும் மேலாக, கிடந்த இடத்திலேயே கிடக்கும் மணல்மீது வாழ்வது ஒன்று. மணலை அள்ளி, பிரித்து, குவித்து, கழிவை மீண்டும் நிரப்பும் தொழிலுக்கு அருகில் வாழ்வது மற்றொன்று. இயற்கைக் கதிர்வீச்சைப் பற்றிய ஆய்வை அகழ்வுத் தொழிலுக்கு நற்சான்றாகக் காட்டுவது முறையல்ல. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேர் பரப்பில் அணுக் கனிமங்களை அகழும் திட்டம் பேசப்படும் காலம் இது. அகழ்வுக்கு முன்னால் இந்தக் கரையின் நிலை என்ன என்று அளந்து பதிந்து வைக்காவிட்டால், பிற்காலத்தில் எது முன்பே இருந்தது, எது பின்னால் வந்தது என்று எவராலும் சொல்ல முடியாமல் போகும். அந்த இழப்பைப் பிறகு ஈடுசெய்ய வழியில்லை.

எதிர்த்திசையிலிருந்தும் ஒரு மறுப்பு வரும். ஒவ்வொரு தெருவிலும் நோயாளியைக் கண்ணால் பார்க்கிறோம், இதற்கு மேல் கணக்கு எதற்கு என்பார்கள். அந்தக் கேள்வியின் பின்னால் உள்ள வேதனையை யாரும் சிறுமைப்படுத்தக் கூடாது. ஆனால் கண் நோயாளியைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. இதை நிரூபிக்க நாம் வெளியூருக்குப் போக வேண்டியதில்லை. நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் வாய்ப்புற்றுநோயாளிகள் குவிந்துகொண்டிருந்த காலத்தில், அங்கே பணிபுரிந்த ‘ஓர்’ என்ற பெயருடைய மருத்துவர், வெற்றிலையோடு புகையிலை மெல்லும் பழக்கத்தையும் அந்த நோயையும் இணைத்து ஆராய்ந்து 1933இல் லான்செட் இதழில் எழுதினார். வெறும் நோயாளிகளை எண்ணியதோடு அவர் நின்றிருந்தால் அது ஒரு துயரப் பட்டியலாகவே இருந்திருக்கும். அவர்களின் பழக்கத்தை விசாரித்ததால் அது உலகுக்குப் பயன்படும் அறிவாயிற்று. புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1985இல் உறுதி செய்தது. இன்று நாம் எல்லாப் பழியையும் மணல்மீது போட்டுவிட்டால், புகையிலை தப்பித்துவிடும். எல்லாப் பழியையும் பழக்கத்தின்மீது போட்டால், மணலை விசாரிக்காமலே விட்டுவிடுவோம். இரண்டு பிழைகளுக்கும் விலை கொடுப்பவர்கள் அதே கடற்கரை மக்கள்தான்.

மூன்றாவது மறுப்பு எல்லாவற்றிலும் நியாயமானது. ஆய்வு என்ற பெயரில் ஊருக்குள் வந்தால், அந்த ஊருக்குக் கெட்ட பெயர் வரும், பிள்ளைகளின் திருமணம் தடைபடும், மீனை வாங்க ஆட்கள் தயங்குவார்கள் என்று மக்கள் அஞ்சுகிறார்கள். இரத்தம் எடுத்துக்கொண்டு போனவர்கள் முடிவைச் சொல்லத் திரும்பி வருவதில்லை என்ற குறையும் அவர்களுக்கு உண்டு. ஒருவரின் மரபணுத் தகவல் அவரோடு நிற்பதில்லை, அவர் உடன்பிறந்தாரையும் பிள்ளைகளையும் பற்றியும் பேசும் என்பதால் இந்த அச்சம் இரட்டிப்பாக நியாயமானது. இதற்கு மௌனம் மருந்தாகாது, ஏனென்றால் மௌனம் நிலவும் இடத்தில் வதந்திதான் வளரும். ஆய்வை நடத்தும் முறைதான் மருந்து. அகழ்வு நிறுவனத்தின் பணத்தையோ அதை எதிர்க்கும் இயக்கத்தின் பணத்தையோ சாராமல் ஆய்வு நடக்க வேண்டும். எதற்காக, எவ்வளவு காலம், யாரிடம் தகவல் இருக்கும் என்பதைத் தமிழில் புரியும்படி சொல்லி, மறுக்கும் உரிமையோடு ஒப்புதல் பெற வேண்டும். ஊர்ப்பெயரும் குடும்பப்பெயரும் வெளியே கசியாமல் காக்க வேண்டும். கிராமசபையிலும் தேவாலயப் பங்குகளின் அன்பியக் கூட்டங்களிலும் மகளிர் குழுக்களிலும் முடிவுகளை முதலில் சொல்ல வேண்டும், உலக இதழ்களுக்கு அதன் பிறகே கொண்டுபோக வேண்டும். நோய் கண்டறியப்பட்டவருக்கு அன்றே சிகிச்சைக்கு வழி காட்ட வேண்டும். முடிவு தெரியும்வரை சிகிச்சையையோ தூசித் தடுப்பையோ புகையிலை ஒழிப்பையோ தள்ளிப்போடவும் கூடாது.

இதற்கான அடித்தளம் ஏற்கெனவே ஓரளவு இருக்கிறது. மாநிலம் முழுவதையும் உள்ளடக்கிய புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் 2012இல் தொடங்கப்பட்டது. ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பதிவேடு எத்தனை பேருக்கு நோய் என்று சொல்லும். அதோடு வீட்டுக்கு வீடு அளந்த கதிர்வீச்சும், புகையிலைப் பழக்கமும், தொழிலும், குடியிருந்த ஆண்டுகளும் சேரும்போதுதான் ஏன் என்ற கேள்விக்கு விடை நெருங்கும். இதில் மரபணு ஆய்வகத்தில் நிற்கும் ஒருவருக்கு மட்டுமே வேலை என்று நினைக்காதீர்கள். இயற்பியல் படித்தவர் கதிரை அளக்க வேண்டும். புள்ளியியல் படித்தவர் தற்செயலையும் காரணத்தையும் பிரிக்க வேண்டும். செவிலியர் வீட்டு வாசலில் நின்று நம்பிக்கையைப் பெற வேண்டும். தமிழ் படித்தவர் ஒப்புதல் படிவத்தை ஒரு மீனவத் தாய் படித்துப் புரிந்துகொள்ளும் மொழியில் எழுத வேண்டும். வணிகவியல் படித்தவர் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று பொதுவில் கணக்குக் காட்ட வேண்டும்.

அன்பு மாணவர்களே, உங்களில் பலர் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் அதற்கு அப்பாலும் போவீர்கள். போக வேண்டியதுதான். எங்கே போனாலும், உறுதியான குரலில் எந்தக் கூற்றைச் சொல்பவரிடமும், அது உங்களுக்குப் பிடித்த கூற்றாக இருந்தாலும், எத்தனை பேரிடம், எதோடு ஒப்பிட்டு, எத்தனை ஆண்டுகள் பார்த்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். உங்களைப் பார்த்து மற்றவர்கள் அதையே கேட்டால் கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். இங்கேயே தங்குபவர்கள் அளவுகருவியையும் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குச் செல்லுங்கள். கிடைக்கும் விடை ஆறுதலாக இருந்தால் அதை அஞ்சாமல் சொல்லுங்கள். கசப்பாக இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லி, பரிகாரம் கிடைக்கும்வரை அந்த மக்களோடு நில்லுங்கள். உங்களைப் படிக்க வைத்த இந்த மாவட்டத்துக்கு நீங்கள் திருப்பித் தரக்கூடிய மிகப் பெரிய கைம்மாறு அதுவே. உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த வாழ்த்துகள்.