பாலர் பள்ளியில் பேசாத குழந்தை

வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மில் பலருக்கும் பழகிய காட்சி இது. வீட்டில் ஓயாது தமிழ் பேசும் மூன்று வயதுக் குழந்தை, பாலர் பள்ளியில் சேர்ந்த நாள் முதல் அங்கே வாய் திறப்பதில்லை. ஒரு மாதம் சென்றபின் ஆசிரியை நம்மை அழைத்து, "குழந்தை சற்று மந்தம் போலும், இனி வீட்டிலும் இவ்வூர் மொழியிலேயே பேசுங்கள்" என்கிறார். நாமும் அஞ்சி, அன்றிரவே தமிழில் கதை சொல்வதை நிறுத்திவிடுகிறோம்.

ஆசிரியையைக் குறை கூறுமுன், அவருக்கு எவரேனும் இதனைக் கற்பித்தார்களா என்று கேட்போம். புதிய மொழிச் சூழலில் புகுந்த குழந்தை சில வாரங்கள், சில வேளை சில மாதங்கள்கூட, கேட்டுக்கொண்டே மௌனமாயிருப்பது இயல்பு. வீட்டு மொழி உறுதியாயிருப்பது இரண்டாம் மொழிக்குத் துணையே. ஆனால் வீட்டிலும் பேச்சுக் குன்றியிருந்தால், கூப்பிட்டாலும் திரும்பாதிருந்தால், செவியைச் சோதிக்க வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறியப் பயிற்சி வேண்டும்.

இப்பயிற்சி நம் நாட்டிற்குப் புதிதன்று. 1939-இல் மரியா மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். குறுக்கிடாமல் குழந்தையைக் கூர்ந்து கவனிக்க வேண்டுமென்பதே அவர் வற்புறுத்தியது. அம்முறையைப் பின்பற்றிய தாராபாய் மோடக் அம்மையார், 1945-இல் மகாராஷ்டிரக் கடற்கரை ஊராகிய போர்டியில் பணி தொடங்கினார். பழங்குடிக் குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லை. ஆகவே பள்ளியே அவர்கள் குடியிருப்பின் முற்றத்திற்குச் சென்றது. விலையுயர்ந்த கருவிகளின் இடத்தைக் கூழாங்கல்லும் சிப்பியும் இலையும் நிரப்பின. அங்கன் என்றால் முற்றம். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் மையங்களும் அங்கன்வாடி என்றே வழங்குகின்றன.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு 6 மாதச் சான்றிதழ்ப் பயிற்சியும், அதற்குக் குறைந்த படிப்புடையோருக்கு ஓராண்டுப் பட்டயப் பயிற்சியும் வகுத்தது. பெரும்பகுதியைத் தொலைக்காட்சி வழியும் கைப்பேசி வழியும் நடத்தலாம் என்கிறது; மாதந்தோறும் ஒரு நேர்முக வகுப்பேனும் உண்டு. இது போதுமா என்பதில் நமக்கு ஐயமே. அழுகின்ற குழந்தையின் அருகில் எவ்வாறு அமர்வதென்பதைத் திரையில் பார்த்துக் கற்பது கடினமன்றோ?

அதுவரை நாம் வாளாவிருக்க வேண்டியதில்லை. ஆசிரியை படிக்கக்கூடிய எழுத்தில் ஒரு சிறு தாளில் தண்ணீர், பசி, வலிக்கிறது, வெளியே போகணும், அம்மா வருவாள் என்று எழுதிக் கொடுப்போம். பெரும்பாலான ஆசிரியைகள் மகிழ்ந்தே பெற்றுக்கொள்வர். வீட்டில் குழந்தை பேசுவதை ஒருநாள் அவர் நேரில் கேட்கவும் அழைப்போம்.